நொதியத்தைத் திருத்துவோர்



முற்றிய ஆட்டிறைச்சி எளிதில் வேகாது. அதனோடு ஒரு துண்டு பப்பாசிக்காயையும் சேர்த்து அடுப்பேற்றினால் சிறிது நேரத்திற் பஞ்சுபோல மெதுமையாகிவிடும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நெடுங்காலமாக அறிந்துவைத்திருக்கின்றனர். அதே பப்பாசியின் பால் விரலிற் பட்டால் தோல் எரிந்து உரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இவ்விரண்டும் வெவ்வேறு செயல்களல்ல. பப்பாசிப்பாலிலே பப்பேயின் என்றொரு பொருள் உண்டு. அது புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டும் இயல்புடையது. இறைச்சியும் புரதம், நமது தோலும் புரதமே. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களிலே பப்பாசிக்காயைக் கீறி, வடியும் பாலைச் சேகரித்து, உலர்த்தி மேல்நாடுகளுக்கு அனுப்பினர். அங்கே இறைச்சியை மென்மையாக்குவதற்கும், பியர் குளிரிற் கலங்காதிருப்பதற்கும் அது பயன்பட்டது.

பப்பேயினைப் போன்ற பொருள்களை நொதியங்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் என்சைம் எனப்படுவன இவையே. உண்ணும் சோற்றை வாயிலேயே வெல்லமாக்கத் தொடங்குவது உமிழ்நீரிலுள்ள ஒரு நொதியம். பதநீர் கள்ளாவதும் பால் தயிராவதும் நுண்ணுயிர்களின் நொதியங்களாலேயாம். தாம் செலவாகாமல், மற்றப் பொருள்களிடையே நிகழும் தாக்கத்தைப் பன்மடங்கு விரைவாக்குவது இவற்றின் தொழில்.

இயற்கை தந்த நொதியத்தை மனிதன் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்ட வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகின்றேன். நான் கலைப்பட்டதாரி, விஞ்ஞானத்தை முறையாகக் கற்றவனல்லன். எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரைப் பல மாலைப்பொழுதுகள் துன்புறுத்தியே இவற்றைத் தெரிந்துகொண்டேன். ஆதலால் என்னைப் போன்றோருக்கு விளங்கும் வகையிலே, ஒரேயொரு நொதியத்தை, அதுவும் துணி துவைக்கும் தூளிலே இருக்கும் ஒன்றைப் பின்தொடர்ந்து செல்வோம்.

ஜேர்மனியில் ஒட்டோ றோம் என்னும் இரசாயன அறிஞர் வாழ்ந்தார். அக்காலத்திலே தோல் பதனிடுவோர் தோலை மெதுமையாக்குவதற்கு நாயின் எச்சத்தையும் புறாவின் எச்சத்தையும் கரைத்து அதிலே தோலை ஊறவைத்தனர். கேட்கவே அருவருப்பாயினும், தொழில் நடந்தது அப்படித்தான். அந்த எச்சத்திலே தோலை மெதுமையாக்குவது எதுவென ஆராய்ந்த றோம், அது செரிமான நொதியமே எனக் கண்டு, விலங்குகளின் சதையி என்னும் உறுப்பிலிருந்து எடுத்த சாற்றை 1907 அளவிலே தோற்றொழிலுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னர், தோலிலே வேலை செய்வது துணியிலுள்ள இரத்தக் கறையிலும் பாற்கறையிலும் ஏன் வேலை செய்யலாகாது என்று அவருக்குத் தோன்றிற்று. 1913 இலே அதற்கும் ஆக்கவுரிமை பெற்றார். எண்ணம் சரியானதே, ஆனால் நொதியம் ஈடுகொடுக்கவில்லை. சலவை நீரிலே காரம் மிகுதி. சதையியின் நொதியமோ நமது குடலின் இதமான சூழலிலே வாழப் பழகியது. சலவைத் தொட்டியை அது கனவிலும் கண்டதில்லை.

இதுவே சிக்கலின் உயிர்நாடி. எந்த நொதியமும் தன்னைப் பெற்ற உயிரின் நன்மைக்காகத் தோன்றியது. நமது ஆலைகளின் கொதிநீரும் காரமும் கரைப்பான்களும் அதன் கணக்கிலே சேர்ந்தவையல்ல.

காரத்தைத் தாங்கும் நொதியம் மண்ணிலே வாழும் ஒருவகைப் பற்றீரியாவிடம் கிடைத்தது. பசில்லசு என்பது அந்தப் பற்றீரியாக் குடும்பத்தின் பெயர். நொதியத்தின் பெயர் சப்றிலிசின். 1960களின் தொடக்கத்திலே டென்மார்க்கு நாட்டினர் அதனைப் பெருமளவில் உற்பத்திசெய்து சலவைத் தூளுக்காக விற்கலாயினர். வியாபாரம் ஓங்கிற்று. அதனோடு ஒரு துன்பமும் வந்தது. சலவைத் தூள் ஆலைகளிலே வேலைசெய்த தொழிலாளர் சிலருக்கு மூச்சுத் திணறலும் மார்பு நோயும் உண்டாயின. 1969 இலே இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டிலே இச்செய்தி வெளியாயிற்று. மெல்லிய தூளாகப் பறந்த நொதியம் அவர்களுடைய நுரையீரலுட் சென்று ஒவ்வாமையை விளைவித்திருந்தது. அதன் பின்னரே நொதியத்தை மெழுகு போன்ற பொருளாற் பொதிந்து, தூசி எழாத சிறுமணிகளாக்கும் முறை வழக்குக்கு வந்தது. தூளினுள்ளே இன்று நிறம் நிறமாகத் தெரியும் மணிகளைக் காணும்போது, அவற்றுட் சில அந்தத் தொழிலாளரின் மூச்சுக்குக் கிடைத்த விடை என்பதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. விஞ்ஞான நூல்கள் இதனை இரண்டு வரியிலே சொல்லி அப்பாற் போய்விடுகின்றன.

இனி நொதியத்தின் உள்ளே சிறிது நோக்குவோம். நொதியம் என்பது அமினோவமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அமினோவமிலங்கள் இருபது வகை. சப்றிலிசினின் சங்கிலியிலே அவை 275 உள. இருபது எழுத்துக்களைக் கொண்ட நெடுங்கணக்கிலே 275 எழுத்து நீளமான ஒரு வாக்கியம் எனக் கொள்ளுங்கள். வாக்கியம் எழுதப்பட்டதும் அது தானாகவே மடிந்து, நூலுருண்டைபோற் சுருண்டு, நடுவே ஒரு பள்ளத்தைக் கொண்டதாகின்றது. அந்தப் பள்ளத்திலேதான் புரதம் வெட்டுப்படும். வாக்கியத்தை எழுதும் கட்டளையோ பற்றீரியாவின் பரம்பரையலகிலே உள்ளது. சொல்வதெழுதுதலிலே அறம் என்பதை அரம் என எழுதும் மாணவன் ஓரெழுத்தால் ஒழுக்கத்தை இரும்புக் கருவியாக்கிவிடுகின்றான் அல்லவா? நொதியத்திலும் ஓரெழுத்து மாறினாற் குணம் மாறும். பெரும்பாலும் கெடும், அரிதாகவே சிறக்கும்.

பரம்பரையலகிலே வேண்டிய ஓரெழுத்தை மட்டும் மாற்றும் வித்தையை 1978 இலே கனடாவிலிருந்த மைக்கேல் ஸ்மித் கண்டறிந்தார். அதற்காக 1993 இலே நோபெல் பரிசும் பெற்றார். அந்த வித்தை நமது சலவை நொதியத்துக்கு விரைவிலேயே பயன்பட்டது. சலவைத் தூளிலே துணியை வெளுக்கும் பொருளும் உண்டு. அது நீரிலே ஐதரசன் பரவொட்சைட்டை விடும். அது நொதியத்தைத் தாக்கும். கறையை நீக்க வைத்த இரண்டு வேலைக்காரரில் ஒருவர் மற்றவரை அடித்துப்போட்ட கதைதான். அடி விழுந்த இடம் எதுவென ஆராய்ந்தபோது, சங்கிலியின் 222 ஆவது இடத்திலே, வெட்டும் பள்ளத்தின் ஓரத்திலேயே இருக்கும் மெதியோனின் என்னும் அமினோவமிலமே அது எனத் தெரிந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஜெனன்ரெக் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் அந்த ஓரிடத்திலே ஏனைய பத்தொன்பது அமினோவமிலங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, 1985 இலே முடிபை வெளியிட்டனர். அலனின் அல்லது செரின் அங்கிருந்தால், வேலையின் வேகம் ஓரளவு குறைந்தபோதிலும், வெளுக்கும் பொருள் நொதியத்தை அசைக்கமுடியவில்லை.

இஃது அறிந்து செய்த திருத்தம். நோயின் இடம் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. ஆனால் எல்லாக் குறைக்கும் அப்படி இடஞ்சுட்ட முடியுமா? குளிர்நீரிலும் வேகமாக வேலைசெய்ய வேண்டும் என்றால் எந்த எழுத்தை மாற்றுவது? ஒவ்வொன்றாகச் சோதிக்கலாமே என்பீர்கள். ஓரெழுத்தை மட்டும் மாற்றுவதற்கு 5,225 வழிகள் உள. ஒரே வேளையில் இரண்டெழுத்தை மாற்றுவதானால் ஒரு கோடியே முப்பத்தாறு இலட்சம் வழிகள். மூன்றெழுத்தின் கணக்கைச் சொல்லி உங்கள் மாலைப்பொழுதைக் கெடுக்கமாட்டேன்.

இங்கேதான் பிரான்சிஸ் ஆர்னல்ட் என்னும் அம்மையார் வருகின்றார். இவர் முதலிலே கற்றது இயந்திரப் பொறியியல். புரதத்தின் இரகசியம் முழுவதையும் அறிந்த பின்னரே அதனைத் திருத்துவேன் எனக் காத்திருக்க இவர் விரும்பவில்லை. உழவன் என்ன செய்தான்? நெல்லின் உள்ளமைப்பை அறியாமலே, நல்ல கதிரைத் தெரிந்து விதைக்கு வைத்து, மறுபோகத்திலே அதனினும் நல்லதைத் தெரிந்து, நெல்லை வளர்த்தெடுத்தான். அதனையே நொதியத்திலும் செய்யலாம் என்று இவர் கருதினார். இவர் எடுத்துக்கொண்டதும் நமது சப்றிலிசினே. நீரிலே வேலைசெய்யும் அந்நொதியத்தை டைமெதயில் போமமைட்டு என்னும் கரைப்பானிலே வேலைசெய்ய வைப்பது நோக்கம். அத்தகைய கரைப்பானிலே சாதாரண நொதியம் ஏறக்குறையச் செயலிழந்துவிடும்.

செய்த முறை வியப்பான எளிமை வாய்ந்தது. பரம்பரையலகைப் படியெடுக்கும்போது வேண்டுமென்றே ஆங்காங்கே பிழை விழச் செய்தார். பிழைபட்ட படிகளைப் பற்றீரியாக்களுட் புகுத்தினார். ஒவ்வொரு பற்றீரியாக் கூட்டமும் ஒவ்வொரு வகையான சப்றிலிசினைச் சுரக்கும். பாற்புரதமும் அக்கரைப்பானும் கலந்த, வெண்மையான பாகு பரப்பிய தட்டுக்களிலே அவற்றை வளர்த்தார். நொதியம் வேலைசெய்த இடத்திலே பாற்புரதம் கரைந்து, வெண்மை நீங்கி, சந்திரனைச் சூழும் பரிவட்டம்போலத் தெளிந்த வட்டம் தோன்றும். எதைச் சுற்றிய வட்டம் பெரிதோ அதனைத் தெரிந்தெடுத்து, அதன் பரம்பரையலகிலே மீண்டும் பிழைகளைப் புகுத்தி, மீண்டும் தெரிந்தார். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சென்றபின் கிடைத்த நொதியம், அறுபது வீதம் அக்கரைப்பான் கலந்த நீரிலே, இயற்கை நொதியத்தினும் 256 மடங்கு திறமையாக வேலைசெய்தது. அந்த ஆராய்ச்சி 1993 இலே வெளியாயிற்று. அதிலே பத்து எழுத்துக்கள் மாறியிருந்தன. அந்தப் பத்தையும் முன்கூட்டியே ஊகித்துச் சொல்லக்கூடிய பேரறிஞர் எவரும் அன்று இருந்திலர்.

மறுவருடம் வில்லெம் ஸ்டெம்மர் என்பார் இன்னொரு படி ஏறினார். வெவ்வேறு பரம்பரையலகுகளைத் துண்டாடி, மீளவும் கலந்து இணைத்து, தாய்தந்தையரின் குணங்கள் பிள்ளையிலே சேர்வதுபோல நொதியங்களின் நற்குணங்கள் ஒன்றிலே சேர வழிசெய்தார். ஸ்டெம்மர் 2013 இலே காலமானார். 2018 இலே ஆர்னல்ட் அம்மையாருக்கு நோபெல் பரிசிற் பாதி வழங்கப்பட்டது. புதிய புரதங்களைக் கணிப்பொறியின் துணைகொண்டே வகுத்தமைத்த டேவிட் பேக்கர் 2024 இலே அப்பரிசிற் பங்கு பெற்றார். ஆகவே அறிந்து திருத்தும் வழியும் தேடித் தெரியும் வழியும் இப்பொழுது கைகோத்து நடக்கின்றன.

இத்துறையினர் தம்மிடையே அடிக்கடி நினைவூட்டிக்கொள்ளும் விதி ஒன்றுண்டு: எதனைச் சோதிக்கின்றோமோ அதுவே நமக்குக் கிடைக்கும். பாற்புரதத்தை வைத்துச் சோதித்தாற் பாற்புரதத்தை வெட்டுவதிற் சிறந்த நொதியமே கிடைக்கும். இரத்தக் கறையிலும் அது சிறக்கும் என்பதற்குப் பொறுப்பில்லை. முப்பது ஆண்டுகளாகப் பரீட்சைகளோடு காலங்கழித்த எனக்கு இவ்விதி புதிதாகத் தோன்றவில்லை. மனனத்தைச் சோதித்து விட்டு மாணவனிடம் சிந்தனை இல்லையே என்று வருந்துவோர் இதனைச் சற்றே செவிமடுக்கலாம்.

உணவுக்கும் இவ்வித்தை வந்துவிட்டது. பாற்கட்டி செய்வதற்குப் பாலை உறையவைக்கும் கைமோசின் என்னும் நொதியத்தை முன்னாளிலே பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தனர். நமது எருமைத் தயிருக்கு இஃது வேண்டியதில்லை. அது பற்றீரியாவின் புளிப்பால் உறைவது. கன்றின் பரம்பரையலகை நுண்ணுயிருட் புகுத்திப் பெற்ற கைமோசினுக்கு 1990 இலே அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கிற்று. அதனால் பாற்கட்டிக்காகக் கன்றைக் கொல்லும் தேவை பெரிதும் குறைந்தது. பின்னர் ஒரு வேடிக்கையும் தெரியவந்தது. பசுவின் பாலை உறையவைப்பதிலே பசுக்கன்றின் நொதியத்தைவிட ஒட்டகக் கன்றின் நொதியம் திறமை மிக்கது. பாலின் மற்றப் புரதப் பகுதிகளை வீணாக வெட்டுவதும் குறைவு. அதுவும் இன்று நுண்ணுயிர்களைக்கொண்டு செய்யப்பட்டு விற்பனையாகின்றது.

பிரான்சிலே துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர், உக்கிய இலைக்குவியலிலிருந்து பெறப்பட்ட ஒரு நொதியத்தைத் திருத்தி, 72 பாகை வெப்பத்திலே பத்து மணித்தியாலத்துக்குள், தண்ணீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்ரிக்கின் தொண்ணூறு வீதத்தை அதன் மூலப்பொருள்களாகப் பிரித்துக்காட்டினர். அது 2020 இலே. ஆய்வுகூடத்தில் நடந்தது தெருவோரத்துக் குப்பைமேட்டை எட்டுவதற்கு எவ்வளவு காலமாகுமோ!

சலவைத் தூளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம், திரும்புவோம். நொதியம் சேர்ந்த தூளைக் கொதிநீரிற் கொட்டாதீர்கள். பெரும்பாலான நொதியங்கள் முட்டைவெண்கரு அவிவதுபோல அவிந்து பயனற்றுப்போகும். கைக்குப் பொறுக்கும் நீரிலே துணியைச் சிறிது நேரம் ஊறவிடுங்கள், நொதியம் அவசரக்காரனல்லன். பட்டையும் கம்பளியையும் மட்டும் அதில் இடவேண்டாம். எனது பட்டுச் சால்வையொன்றை, கறி பட்ட கறை போகட்டும் என்று, இரவு முழுவதும் அவ்வாறு ஊறவைத்தேன். மறுநாட் காலையிலே கறை போயிருந்தது. சால்வையின் பளபளப்பும் அதனோடு போயிருந்தது. பட்டும் புரதமே என்பதைப் பப்பாசிக்காயின் கதை தெரிந்த என் மனைவியார் முன்பே சொல்லியிருந்தார்.