கொடிக்கேற்ற கொழுகொம்பு

பற்றிப் படர வழியின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே கொடுத்துவிட்டுப் போனான் பாரி வள்ளல். தமிழ்ப்பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டபோது, 'ஒரு கொடிக்குப் போய்த் தேரா?' என்று நாங்கள் சிரித்தோம். கூலிமில் எங்கள் வீட்டு மதிலில் ஒரு கொடியை நட்டுப் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், அந்தக் கதையில் கொடையோடு இன்னொரு பாடமும் இருப்பது எனக்கு விளங்கியது. பாரி பார்த்தது கொடியின் அழகை மட்டுமல்ல. அது எதைப் பற்றி ஏறும் என்பதையும்தான். நான் அதைப் பார்க்கவில்லை.

என் பாட்டி பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டைச் சுற்றி அவர் வைத்திருந்த வேலியில் கோவை, பாகல், அவரை, சங்குப்பூ எல்லாம் படர்ந்திருந்தனவாம். பிறகு குடும்பம் தாமான் வீட்டுக்கு மாறியது. பின்கட்டில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஆளுயரச் சிமெண்டு மதில். மாலை வெயில் முழுவதும் எங்கள் பக்கம்தான் விழும். அந்த மொட்டைச் சுவரைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, படிவம் ஆறு தேர்வு முடிந்து வீட்டில் இருந்த நான், "சீக்கிரம் மூடிவிடும்" என்று நாற்றுக் கடையில் சொன்னதை நம்பி, சுவரில் ஒட்டி ஏறும் அத்திக்கொடி ஒன்றை வாங்கி வந்து நட்டேன்.

முதல் ஆண்டு பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருந்தது. அதன் பிறகு மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. நோன்புப் பெருநாளுக்காகப் பக்கத்து வீட்டு மக்சிக் புதிதாகச் சாயம் பூசிய சுவரிலும் வேர் பிடித்தது. அவர் கொடியைப் பிடித்து இழுக்க, சாயத்தோடு பூச்சும் பெயர்ந்து வந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. ஆனால் மதிலுக்கு மேலே வந்துகொண்டிருந்த பலகாரத் தட்டு நின்றுவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார் அம்மா.

ஏறும் வழி நான்கு

கொடிகள் ஏறும் விதத்தை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1875-இல் தனி நூலே வெளியிட்டிருக்கிறார். ஏறும் முறையை வைத்து, நம் ஊர்க் கொடிகளையும் எளிதாக நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, தண்டாலேயே சுற்றி ஏறுபவை. சங்குப்பூ, அவரை, மலாய்க்காரர்கள் 'காச்சாங் போத்தோல்' என்று சொல்லும் சிறகவரை ஆகியவை இப்படிப்பட்டவை. இவற்றின் இளம் நுனி வட்டமிட்டுக்கொண்டே ஆதரவு தேடும். ஹாப் என்னும் கொடியின் நுனி, வெப்பமான நாளில் சுமார் 2 மணி நேரத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றுவதை டார்வின் அளந்து எழுதினார். இவற்றுக்குத் தேவை குச்சி, கயிறு, கம்பி. தட்டையான சுவரைச் சுற்ற இவற்றால் முடியாது.

இரண்டாம் வகை, பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுபவை. கோவை, பாகல், பீர்க்கு, பிரண்டை இந்த இனம். பற்றுக்கம்பி ஒரு பொருளைத் தொட்டதும், தொட்ட பக்கம் வளர்ச்சி குறைந்து மறுபக்கம் கூடுவதால் அது வளைந்து சுற்றிக்கொள்கிறது. இதை நான் தேசியப் பள்ளியில் 'சுலூர் பாவுட்' என்று மலாயில்தான் படித்தேன். பாட்டியோ அதைக் 'கொடியின் மீசை' என்கிறார். மீசை மெல்லியதைத்தான் பிடிக்கும். கம்பி வலை வேலிக்கு இந்த வகையே பொருத்தம்.

மூன்றாம் வகை, வேரால் ஒட்டி ஏறுபவை. வெற்றிலை, மிளகு, நான் நட்ட அத்திக்கொடி மூன்றும் இதில் அடங்கும். வெற்றிலை நிழலும் ஈரமும் கேட்கும். மாலை வெயில் சுடும் சுவருக்கு ஆகாது. அத்திக்கொடி எந்தச் சுவரிலும் ஒட்டும். அதுதான் அதன் பலம், அதுவே தொல்லையும். முற்றிய பிறகு அதன் கிளைகள் மரம்போல் தடித்து வெளியே நீளும். பூச்சு பலமில்லாத சுவரிலும், சாயம் பூசும் சுவரிலும், இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவரிலும் அதை நடக்கூடாது.

நான்காம் வகை, தாமாகப் பற்றாமல் சாய்ந்து ஏறுபவை. காகிதப்பூ தன் முள்ளை ஊன்றி மேலே போகும். நாம் கட்டிவிட வேண்டும். நல்ல வெயில் இருந்தால் கொட்டிப் பூக்கும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெள்ளையாக விரிந்து பிறகு சிவக்கும் இரங்கூன் மல்லிக்கு மணம் உண்டு. ஆனால் பாரம் அதிகம். மெல்லிய வேலியைச் சாய்த்துவிடும். மஞ்சள் பூப் பூக்கும் அல்லமண்டாவை வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டம் சொல்லித் தந்தது

நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தது என் இரண்டாவது தவறு. மறுநடவு செய்த ரப்பர்க் காட்டில் மண் அரிக்காமல் இருக்கவும், மண்ணுக்குத் தழைச்சத்து சேரவும் பயறு இனக் கொடிகளைப் பரப்பிவிடுவார்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. ஆனால் கவனிக்காமல் விட்டால் அதே கொடிகள் இளங்கன்றின் மேல் ஏறி அதை அமுக்கிவிடும். அதனால் கன்றைச் சுற்றிக் கொடியை இழுத்துவிடுவதே ஒரு வேலை. பாட்டி அந்த வேலையையும் செய்தவர். எங்கள் மதிலைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: "கொடிக்கு வழி காட்டணும்யா; இல்லாட்டி அது வழிய அதுவே பாத்துக்கும்."

கூலிம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இந்த மழைக்குக் கொடிகள் ஓய்வதில்லை. மாதம் ஒருமுறையாவது நுனி கிள்ளுங்கள். கூரை, சாக்கடை, மின்கம்பி இவற்றின் பக்கம் போகவிடாதீர்கள். தொட்டியில் வைத்தால் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு அங்கே வளர்ந்துவிடும்.

மீண்டும் ஒரு கொடி

அத்திக்கொடியை நாங்கள் இழுக்கவில்லை. அடியில் வெட்டிக் காயவிட்டு, பிறகு சுரண்டி எடுத்தோம். மக்சிக் வீட்டுப் பக்கம் பூச்சுப் பூசி, சாயமும் அடித்துக் கொடுத்தேன். அடுத்து, எங்கள் பக்கம் மதிலிலிருந்து 4 அங்குலம் தள்ளிக் கம்பங்கள் ஊன்றிக் கம்பி கட்டினேன். இரவு முழுதும் ஊறவைத்த சங்குப்பூ விதைகளைப் பாட்டி தன் கையால் ஊன்றினார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூத்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் 'கருவிளை' என வருவது இதுதான் என்பதைப் பிறகு இங்கே பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கபிலர் பாரியின் உயிர்நண்பர் அல்லவா!

மக்சிக் கிளந்தான்காரர். 'பூங்கா தெலாங்' என்று அவர் சொல்லும் இந்தப் பூவில்தான் நாசி கெராபுவுக்கு நீல நிறம் ஏற்றுவார். ஒருநாள் காலையில் மதிலுக்கு அப்பால் நின்று, பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விதையை மட்டும் சமையலில் சேர்க்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கும் என்று சொல்லி அம்மா ஒரு கிண்ணம் நிறையப் பூவைப் பறித்துக் கொடுத்தார். அன்று மதியம் தட்டு திரும்பி வந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டு வேலிக்குக் கொடி தேடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கொடி எப்படி ஏறும்? சுவர் எதைத் தாங்கும்? அந்தப் பக்கம் யார் இருக்கிறார்? முதல் கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டுப் பாட்டியிடமே இருக்கலாம். கொடியின் பெயரையும் அப்படியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.