ஒரு புள்ளியோடு நின்றுபோன கோடு

1949 ஜூலை 27. கராச்சியில் இந்திய, பாகிஸ்தான் ராணுவப் பிரதிநிதிகள், ஐ.நா. குழுவின் முன்னிலையில் காஷ்மீர் போர் நிறுத்தக் கோட்டுக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டார்கள். தெற்கே மனாவரில் தொடங்கிய அந்தக் கோடு காரகோரம் மலைகளை நெருங்கியதும் நின்றுவிட்டது. கடைசிப் புள்ளியின் அடையாளம், என்.ஜே. 9842. அதற்கு அப்பால், ‘அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை’ என்று எழுதியதோடு சரி. மனிதர்கள் குடியிருக்க முடியாத பனிக்காட்டுக்கு யார் சண்டை போடப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். 1972இல் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் ‘கட்டுப்பாட்டுக் கோடு’ வரையப்பட்டபோதும், அது இதே புள்ளியில்தான் முடிந்தது.

எழுதாமல் விட்டதை அவரவர் விருப்பப்படி எழுதிக்கொண்டார்கள். 1970களில் வெளியான சில அமெரிக்க வரைபடங்கள், அந்தப் புள்ளியிலிருந்து வடகிழக்கே காரகோரம் கணவாய்க்கு நேர்கோடு இழுத்தன. அந்தக் கோட்டின்படி சியாச்சின் பனியாறு முழுவதும் பாகிஸ்தான் பக்கம். வெளிநாட்டு மலையேற்றக் குழுக்களும் பாகிஸ்தானிடம் அனுமதி வாங்கி அங்கே போய்வந்தன. கர்னல் நரேந்திர குமார் 1978இல் ஒரு குழுவோடு சியாச்சினுக்குள் சென்று, அந்நியர் வந்துபோன தடயங்களைக் கண்டார். ஒப்பந்தத்தில் உள்ள ‘வடக்கே’ என்றால், சியாச்சினுக்கு மேற்கே உள்ள சால்டோரோ மலைமுகட்டை ஒட்டி என்பது இந்தியாவின் வாதம். 1984 ஏப்ரல் 13இல் ‘ஆபரேஷன் மேகதூத்’ மூலம் அந்த முகட்டுக் கணவாய்களில் இந்திய வீரர்கள் இறங்கினார்கள்.

அன்றுமுதல் அங்கே குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிக உயிர்களைப் பறித்திருக்கின்றன. 2012இல் கயாரியில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் பனியில் புதைந்தார்கள். 2016 பிப்ரவரியில், சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்களைப் பனிச்சரிவு கொண்டுபோனது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

2003 நவம்பர் போர் நிறுத்தத்துக்குப் பிறகு அங்கே துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. படைகள் மட்டும் இறங்கவில்லை. இப்போதைய நிலைகளை முதலில் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறது இந்தியா. அப்படிச் செய்தால் இந்தியாவின் உரிமையை ஏற்றதாகிவிடும் என்று பாகிஸ்தான் தயங்குகிறது. இந்த இடத்தில்தான் பேச்சுவார்த்தைகள் மீண்டும் மீண்டும் முறிந்தன.

யார் எங்கே நிற்கிறார் என்று குறிப்பது வேறு, நிலம் யாருக்கு என்று தீர்ப்பது வேறு. இரண்டையும் பிரித்து எழுதி, முதலாவதற்கு மட்டும் இரு நாடுகளும் கையெழுத்திடலாம். 1949இல் விட்டுப்போன வேலை அதுதான். அதை முடித்தால்தான், சிகரங்களில் நிற்கும் இரு தரப்புப் பிள்ளைகளும் கீழே இறங்க வழி பிறக்கும்.