லவ்டேலில் தண்ணீருக்கு என்ன அவசரம், தெரியுமா?

ஊட்டியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மலை ரயில் நிற்கும் சின்ன ஸ்டேஷன் லவ்டேல். அந்த ஊரில் அடுப்பில் தண்ணீரை வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். சுமார் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும்! சென்னையில் நூறைத் தொட்டால்தான் கொதிக்கிற அதே தண்ணீருக்கு இங்கே ஏழு டிகிரி தள்ளுபடி! காரணம் உயரம். ஏறக்குறைய 2,200 மீட்டர் மேலே வந்துவிட்டதால் காற்றின் பாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்றதும் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகப் பறக்கிறது.

அப்படியானால் சோறும் சீக்கிரம் வெந்துவிடுமே என்கிறீர்களா? அதுதான் இல்லை! அரிசிக்கு வேண்டியது கொதிப்பல்ல, சூடு. அந்த ஏழு டிகிரி குறைவில் அரிசி அடம்பிடிக்கும், துவரம் பருப்பு சுத்தமாக ஒத்துழைக்காது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள் முதல் வாரம் அரைவேக்காட்டுச் சோறு தின்ற கதையை மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுப்பைக் கூட்டி வைத்தாலும் பயனில்லை. தண்ணீர்தான் வற்றும், தெர்மாமீட்டர் 93ஐ விட்டு அசையாது. குக்கருக்குள் நீராவியை அடைத்துவைத்தால்தான் வழிக்கு வரும்.

சரி, அடுப்பு விடாமல் எரிகிறது, சூடு மட்டும் ஏறவில்லை. கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது? 1760களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியரைக் குடைந்த கேள்வி இது. அவர் கண்டுபிடித்ததைத்தான் நம் பாடப்புத்தகம் உள்ளுறை வெப்பம் என்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி வெறுமனே உருகி நீராவதற்கு 80 கலோரி வேண்டும். அந்த நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கவும் அதே 80 கலோரிதான்! ஆவியாக்கவோ? 540 கலோரி! கொதிநீர் பட்ட புண்ணைவிட நீராவி பட்ட புண் ஏன் ஆழமாகப் போகிறது என்பதும் இங்கேதான் புரிகிறது. ஒளித்துவைத்திருந்த 540ஐயும் தோலின் மேல் கொட்டிவிட்டுத்தான் அது தண்ணீராகிறது.

இந்த 540 எத்தனை பெரிய எண் என்று தெரியுமா? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து 60 கிலோ எடையுள்ள ஒருவரை லவ்டேல் உயரத்துக்குத் தூக்கிவிட எவ்வளவு ஆற்றல் வேண்டும்? துளியும் வீணாகாது என்று கணக்குப் போட்டால் 260 கிலோ கலோரி சொச்சம். அரை லிட்டர் கொதிநீரை ஆவியாக்கும் வெப்பம் அவ்வளவுதான்! சாப்பாட்டுக் கணக்கில் நாலைந்து இட்லி! ஆனால் நிஜ நீராவி இன்ஜின் பெரிய ஊதாரி. கொடுத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றாது. அதனால்தான் 1899 முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைக் கடித்து ஏறுகிற மலை ரயில், ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் நின்று நின்று தண்ணீர் குடிக்கிறது. குன்னூருக்கு மேலே டீசல் இழுப்பதால் லவ்டேல்காரர்களுக்கு அந்தப் புகையும் பெருமூச்சும் வழக்கமாக வாய்ப்பதில்லை.

டிசம்பர், ஜனவரி விடியலில் இங்கே நடப்பது இன்னும் விசித்திரம். தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைபனி போர்த்திக் கிடக்கும்! கருவி பொய் சொல்லவில்லை. மேகமில்லாத இரவில் புல் தன் சூட்டையெல்லாம் வானத்தை நோக்கி வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே குளிர்ந்துவிடுகிறது. இதே வித்தையில் சமவெளியான அலகாபாத்திலேயே ஐஸ் தயாரித்திருக்கிறார்கள்! குழியில் காய்ந்த கரும்போ சோளத்தண்டோ பரப்பி, அதன் மேல் தட்டையான மண்தட்டுகளில் தண்ணீர் வைத்துவிட்டு, விடிவதற்குள் ஐஸ் பொறுக்கினார்களாம். சர் ராபர்ட் பார்க்கர் இதை 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியே அனுப்பினார்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் இந்தப் பனிக்குப் பயந்து மலர்ச்செடிகளை மிலார் செடி கொண்டு மூடுவார்கள். வானத்துக்கும் செடிக்கும் நடுவே ஒரு கூரை, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பழத்தோட்டக்காரர்கள் செய்வதைக் கேட்டால் முதலில் பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். உறைகிற இரவில் மரத்தின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள்! உறைகிற ஒவ்வொரு கிராம் தண்ணீரும் தன் 80 கலோரியை மொட்டிடம் கொடுத்துவிட்டுத்தான் உறையும். மொட்டு ஐஸுக்குள் சிறைப்பட்டிருக்கும், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஐஸே கம்பளி!

ஐஸ் என்றதும் சென்னை ஐஸ் ஹவுஸ் நினைவுக்கு வருகிறதா? அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூள் சுற்றிக் கப்பலேற்றினார். பூமத்திய ரேகையை இருமுறை தாண்டி, நான்கு மாதம் கடலில் கிடந்து, 1833இல் கல்கத்தா வந்து சேர்ந்தபோதும் பெரும்பகுதி உருகவில்லை! பிறகு மதராஸுக்கும் வந்து ஐஸ் ஹவுஸில் தங்கியது. அந்த வியாபாரத்துக்கு முதலீடே கிராமுக்கு 80 கலோரி என்ற பிடிவாதம்தான்.

மறுபடி மலையேறி, இங்கே விளையும் தேயிலைக்கு வருவோம். ஒரு கிலோ டீத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சம் மூன்றரை லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாகி வெளியேறியாக வேண்டும். அதற்கு 2,000 கிலோ கலோரி போல ஆகும், ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுகிற சாப்பாடு! கொழுந்தை வாட்டும்போது மலைக்காற்று இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. பாக்கியை ஃபேக்டரி அடுப்பு கொடுக்கிறது.

தோட்டத்தில் யூரியா கரைப்பவர் கையைக் கேளுங்கள், இன்னொரு அதிசயம் சொல்லும். வாளித் தண்ணீரில் உப்பு போன்ற அந்த வெள்ளை மணிகளைக் கொட்டிக் கலக்கினால் வாளியே ஜில்லிட்டுப் போகும்! கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிடமே பிடுங்கிக்கொள்கிறது யூரியா.

இப்போது ரயிலில் இரண்டே ஸ்டேஷன் கீழே இறங்குவோம், அருவங்காட்டுக்கு. நூறாண்டு கடந்த கார்டைட் தொழிற்சாலை இருக்கும் ஊர். வெடிமருந்தில் எக்கச்சக்க ஆற்றல் அடைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒரு கிராம் டிஎன்டி வெடித்தால் வருவது 1,000 கலோரி. ஒரு கிராம் அரிசியில் இருப்பது சுமார் 3,500! கார்டைட்டும் ஏறத்தாழ டிஎன்டி வரிசைதான். அரிசி தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டு மெல்ல எரிகிறது. வெடிமருந்தோ ஆக்சிஜனையும் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. காத்திருக்க வேண்டியதில்லை, கண் சிமிட்டுவதற்குள் கணக்கை முடித்துவிடும். கார்டைட்டில் சேரும் நைட்ரோகிளிசரினைத் தயாரிக்கும்போதே வினை வெப்பத்தைக் கக்கும், விடாமல் குளிரூட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் ஆர்டீர் ஆலையில் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒற்றைக்கால் முக்காலி போட்டிருந்தார்கள். கண் அயர்ந்தால் விழுந்து விழித்துக்கொள்வார்! (ஒரே கால் இருப்பதை முக்காலி எனலாமா என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரக்கூடாது.)

திரும்ப லவ்டேலுக்கே ஏறினால், 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி. அதன் பழைய கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் சிஷோல்ம். அந்தக் காலத்துச் சுவர்களை நிறுத்தியது சுண்ணாம்புக் காரை. அதன் வரவு செலவைப் பாருங்கள்! சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வேகவைக்க, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் 760 கிலோ கலோரி உள்ளே போகிறது. அதில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது குமுகுமுவென்று கொதித்து 280ஐத் திருப்பித் தந்துவிடுகிறது. மிச்சம் 480? காரை சுவருக்குப் போன பிறகு, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து மறுபடி கல்லாகும்போது வெளியே வருகிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக 760! எந்த வழியில் போனாலும் மொத்தக் கணக்கு மாறாது என்று ஹெஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1840இல் சொன்னது இதைத்தான்.

தடித்த சுவரின் உள்ளே இந்தக் கல்லாகும் வேலை பல பத்தாண்டுகள் இழுக்கும். எந்தத் தெர்மாமீட்டருக்கும் எட்டாத மெல்லிய சூடு அது. மார்கழிக் காலையில் கையை வைத்துப் பாருங்கள், சுவர் ஐஸ் மாதிரி இருக்கும்!