ஓய்வும் ஒரு கணக்கு

நுழையும்முன்

குறித்த நாளுக்குள் ஒரு பணியை முடிக்க வேண்டுமெனில், ஓய்வின்றி உழைப்பதே வழியென்று பலரும் எண்ணுகின்றனர். ஓய்வெடுக்கும் நாள் வீணான நாளாகவே கருதப்படுகிறது. இவ்வெண்ணம் சரிதானா? தருமபுரி மாவட்டத்தின் புளித்தொழிலைச் சான்றாகக் கொண்டு, கணிதத்தின் துணையுடன் இவ்வினாவிற்கு விடை காண்கிறது இக்கட்டுரை.

புளியும் கெடுவும்

தருமபுரி மாவட்டத்தின் சாலையோரங்களிலும் வயல் வரப்புகளிலும் புளியமரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. மாசி, பங்குனி மாதங்களில் பழங்கள் உலுக்கப்பெற்று ஊர்களுக்கு வந்து சேரும். அதன்பின் தொடங்குவது கைவேலை. பழத்தைத் தட்டி ஓட்டை நீக்குதல், நாரை உரித்தல், கொட்டையை எடுத்தல் ஆகியவற்றைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். கூலி, எடைக்கேற்ப அளிக்கப்படுகிறது.

இவ்வேலைக்குக் கெடு உண்டு. கோடைமழையின் ஈரம் பட்டால் புளி கறுத்து விலை குறையும். வணிகரும் குறித்த நாளில் சரக்கை எதிர்பார்ப்பார். எனவே, ஒரு நாளும் விடாமல் உழைத்துவிடவே உழைப்பவர் முனைவர். ஆனால் உடல் அதற்கு இசைவதில்லை. நாள் முழுவதும் குனிந்து அமர்வதால் முதுகு வலிக்கும். தட்டித் தட்டி மணிக்கட்டு சோரும். விரலில் சிறு கீறல் இருந்தாலும் புளியின் அமிலம் பட்டு எரியும். முதல் நாளின் வேகம் நான்காம் நாளில் இருப்பதில்லை.

எண்களாகும் களைப்பு

இந்நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இங்குக் கூறப்படும் எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. ஒருவர் ஓய்வுக்குப் பின் முதல் நாளில் 10 கிலோ புளியைக் கொட்டை நீக்கித் தருகிறார். தொடர்ந்து உழைத்தால் இரண்டாம் நாளில் 8 கிலோ, மூன்றாம் நாளில் 5 கிலோ, நான்காம் நாளில் 3 கிலோ, அதன்பின் ஒவ்வொரு நாளும் 2 கிலோ என அவரது ஆக்கம் குறைகிறது. ஒரு நாள் ஓய்வெடுத்தால் மீண்டும் 10 கிலோவிலிருந்து தொடங்குவார். ஏழு நாளில் 45 கிலோ முடிக்க வேண்டும் என்பது கெடு.

ஏழு நாளும் ஓய்வின்றி உழைத்தால் 10, 8, 5, 3, 2, 2, 2 என மொத்தம் 32 கிலோவே முடியும், கெடு தவறிவிடும். ஆயின், எந்தெந்த நாளில் ஓய்வெடுப்பது?

ஒவ்வொரு நாளுக்கும் உழைப்பு, ஓய்வு என இரு வாய்ப்புகள் உண்டு. ஏழு நாளுக்கு 128 திட்டங்கள் அமையும். முப்பது நாளுக்கோ அவ்வெண்ணிக்கை 107 கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துச் சிறந்ததைத் தேர்வது மனிதரால் இயலாது.

சிறியதிலிருந்து பெரியது

இத்தகைய சிக்கல்களைத் தீர்க்கும் முறையை 1950களில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு பெல்மன் உருவாக்கினார். ‘டைனமிக் புரோகிராமிங்’ என்று அவர் பெயரிட்ட இம்முறையை ‘இயங்குநிலைத் திட்டமிடல்’ எனலாம். இப்பெயரிலுள்ள ‘புரோகிராமிங்’ என்னும் சொல் கணினிக்கு நிரல் எழுதுவதைக் குறிக்கவில்லை, திட்டமிடுதலையே குறித்தது. பெரிய சிக்கலைச் சிறு சிக்கல்களாகப் பிரித்தல், ஒவ்வொன்றின் சிறந்த விடையையும் ஒருமுறை மட்டும் கண்டு குறித்து வைத்தல், அவ்விடைகளைக் கொண்டு அடுத்த விடையைக் கட்டுதல் ஆகியவையே இதன் படிகள்.

புளிக் கணக்கில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு நாளில் மிகுதியாக முடிவது 10 கிலோ. இரண்டு நாளில் 18 கிலோ. மூன்று நாளில் 23 கிலோ. நான்கு நாள் எனில், தொடர்ந்து உழைத்தால் 26 கிலோ. இரண்டு நாள் உழைத்து, மூன்றாம் நாள் ஓய்ந்து, நான்காம் நாள் உழைத்தால் 18உம் 10உம் சேர்ந்து 28 கிலோ. எனவே, நான்கு நாளுக்குரிய சிறந்த விடை 28. நான்காம் நாளிலிருந்தே ஓய்வின் பயன் புலப்படத் தொடங்குகிறது. இவ்வாறே தொடர்ந்தால் ஐந்து நாளுக்கு 36 கிலோவும் ஆறு நாளுக்கு 41 கிலோவும் கிடைக்கும்.

ஏழு நாளுக்கு விடை காண, ‘இறுதியில் தொடர்ந்து எத்தனை நாள் உழைப்பது?’ என்ற ஒரே வினா போதும். இறுதி இரண்டு நாள் உழைப்பு எனில், அதற்கு முந்தைய ஐந்தாம் நாள் ஓய்வு. எஞ்சிய நான்கு நாளின் சிறந்த விடை 28 என்று முன்பே குறித்துள்ளோம். அதனுடன் இரண்டு நாள் உழைப்பின் 18ஐக் கூட்டினால் 46. இறுதியில் ஒரு நாள் எனில் 36உம் 10உம் சேர்ந்து 46. மூன்று நாள் எனில் 23உம் 23உம் சேர்ந்து 46. நான்கு நாள் எனில் 18உம் 26உம் சேர்ந்து 44. அதற்கு மேல் நீட்டினால் இன்னும் குறையும். ஆகவே சிறந்த விடை 46 கிலோ. ஓய்வின்றி எட்ட முடியாத கெடு, ஓய்வால் எட்டப்படுகிறது.

முப்பது நாளுக்கும் இம்முறையில் 465 ஒப்பீடுகளே தேவை. 107 கோடித் திட்டங்களை ஆராய வேண்டியதில்லை. ஒருமுறை கண்ட விடையை மீண்டும் தேடாமையே இச்சிக்கனத்தின் காரணம்.

தெரிந்து தெளிவோம்

ஒரு மாத்திரை அசையும் இரு மாத்திரை அசையும் கலந்து, குறித்த மாத்திரை அளவில் எத்தனை அமைப்புகள் உருவாகும் என்பதை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹேமசந்திரர் கணக்கிட்டார். முந்தைய இரு விடைகளைக் கூட்டினால் அடுத்த விடை கிடைக்கும்: 1, 2, 3, 5, 8. சிறிய விடையிலிருந்து பெரிய விடையைக் கட்டும் சிந்தனை இந்திய யாப்பியலிலும் இருந்தது.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

46 கிலோவை எட்டும் திட்டம் ஒன்றன்று. மூன்று நாள் உழைத்து, ஒரு நாள் ஓய்ந்து, மீண்டும் மூன்று நாள் உழைக்கலாம். இரண்டு நாள் உழைப்பு, ஓய்வு, இரண்டு நாள் உழைப்பு, ஓய்வு, ஒரு நாள் உழைப்பு என்றும் அமைக்கலாம். முன்னதில் ஆறு நாள் உழைப்பு. பின்னதில் ஐந்தே நாள். எடையை மட்டும் பார்க்கும் கணக்கிற்கு இரண்டும் ஒன்றே. வலிக்கும் மணிக்கட்டை உடையவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எதனைப் பெருக்க வேண்டும், எதனைக் குறைக்க வேண்டும் என்பதை மனிதரே முடிவு செய்து கணக்கிடம் கூற வேண்டும்.

மேலும், ஆக்கத்தைப் பெருக்குவதால் மட்டுமே ஓய்வு தேவை என்று கருதுவதும் பிழையாகும். சிங்காரவேலர் 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சென்னையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடியபோது, ஓய்வு உரிமையாகவே முன்வைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையையும் வாரத்திற்கு 48 மணி நேர வேலை வரம்பையும் வகுத்தது. எனினும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எடைக்கூலிக்குப் புளி தட்டுபவரை அச்சட்டம் எட்டவில்லை. அவரது ஓய்வு நாளை அவரே தேர்ந்தாக வேண்டும். அந்நாளின் கூலியையும் அவரே இழக்க வேண்டும். அத்தகையோருக்கு, ஓய்வு நாள் இழப்பன்று என்று காட்டும் இக்கணக்கு பயனுள்ள துணையாகும்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும். உறக்கமின்றிப் படித்த நாளின் நான்காம் மணியும் தெளிந்த மனத்துடன் படித்த முதல் மணியும் ஒரே பயனைத் தருவதில்லை. திட்டமிடும்போது ஓய்வை இறுதியில் எஞ்சும் நேரத்திற்கு ஒதுக்காமல், உழைப்புக்கு இணையாக முதலிலேயே அதற்குரிய இடத்தை அளித்தல் வேண்டும்.