உங்களுக்குத் தெரியுமா? பழைய ஆம்னியின் கியர் பாக்ஸ்

● 1984-ல் ‘மாருதி வேன்’ என்று வந்த வண்டிதான் 1988-ல் ‘ஆம்னி’ ஆனது. 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் இந்த வண்டியின் கியர் பாக்ஸைக் கொஞ்சம் கவனித்தால் போதும், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

● ஆம்னியின் 796 சிசி இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ். அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்குச் சக்தி போகிறது. ஆகவே ஆயில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. பின்னால் இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

● இரண்டுக்கும் ஒரே ஆயில் ஊற்றலாமா? கையேட்டைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். டிஃபரன்ஷியலின் கியர்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்திச் சறுக்கும். அங்கே அதிக அழுத்தம் தாங்கும் ஜி.எல்.5 ரகம் தேவைப்படும். அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும். கியர் பாக்ஸுக்குள் பித்தளை இருப்பதால், பழைய பெட்டிகள் பலவற்றுக்கு ஜி.எல்.4 ரகமே சொல்லப்பட்டிருக்கும்.

● அந்தப் பித்தளைப் பாகம்தான் சிங்க்ரோ ரிங். உள்பக்கம் முழுக்க நூல் போன்ற மெல்லிய வரிகள் இருக்கும். அவை ஆயில் படலத்தை வெட்டி விலக்கி, கியரின் கூம்பைக் கவ்விப் பிடித்து, வேகங்களைச் சமமாக்கும். அதன் பிறகுதான் கியர் விழும். வரிகள் தேய்ந்து மழமழப்பானால் ‘கர்ர்’ என்று பற்கள் மோதும். பெட்டியைப் பிரித்தால், ரிங்கைக் கூம்பில் வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிச் சுற்றினால் மாற்றியே ஆக வேண்டும்.

● இந்த சிங்க்ரோ அமைப்பு கார்களில் முதலில் வந்தது 1928-ல், அமெரிக்காவின் காடிலாக் வண்டியில். அதற்கு முன் டிரைவர்கள் டபுள் கிளட்ச் அடித்துத்தான் கியரைக் குறைத்தார்கள். கிளட்ச்சை மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்துக் கீழ் கியர். ரிங் தேய்ந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோக இன்றும் இந்த வித்தை கைகொடுக்கும்.

● ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலான பழைய பெட்டிகளில் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்றபின், கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். ரிவர்ஸில் கேட்கும் ‘ஙொய்ங்’ சத்தம் நேர்பற்களின் இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

● ஆனால் இந்தச் சத்தத்துக்குக் காது கொடுங்கள்: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். உறுமல் கேட்கிறதா? கிளட்ச்சை மிதித்ததும் அது நின்றால், கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். செலவில்லாத சோதனை இது.

● கியர் விழவில்லை என்றதும் பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள். ஆம்னியில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. கேபிள் தளர்ந்தாலும் நைந்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது. கியர் முரண்டு பிடிக்கும். கேபிள், லீவர் இணைப்பின் புஷ்கள், மவுன்டிங் ரப்பர், ஆயில் அளவு – இந்த நான்கையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

● ஆயில் மாற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது எது? ஊற்றும் போல்ட். அது துருவேறிக் கழலாமல் போனால், ஆயிலை வடித்துவிட்டு வண்டியை நகர்த்த முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். சற்று ஓட்டி, வண்டி சூடாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடித்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். நைசான சாம்பல் நிறப் பசை வயதின் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு வந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது.

● 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல வண்டி நீரில் நின்றிருந்தால், கியர் பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் உள்ளே போகும். ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அதே குழாய் அடைத்துக்கொண்டாலோ உள்ளே அழுத்தம் கூடி, நல்ல ஆயில் சீல்கூடக் கசியும். சீலை மாற்றுமுன் குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

● நின்றுபோன பின்சக்கர இயக்க வண்டியை, பின்சக்கரங்கள் தரையில் உருள, நெடுந்தூரம் கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது, ஆயிலை வாரி இறைக்கும் கீழ் ஷாஃப்ட் சுற்றாது; மேல் ஷாஃப்ட் மட்டும் வறண்டு சுழலும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுப்பதே நல்லது. கழற்றுமுன் இணையும் இரு பக்கமும் குறி போடுங்கள். பழையபடியே பூட்டாவிட்டால் அதிர்வு வரும்.

● ஓட்டும்போது கியர் லீவர்மேல் கையை வைத்தே இருப்பது பலரின் பழக்கம். அந்தச் சிறு பாரமே உள்ளே இருக்கும் ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவோடு உரச வைக்கும். மாற்றினீர்களா, கையை எடுத்துவிடுங்கள்.

● கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட மலை இறக்கத்தில் நியூட்ரல் தட்டினால் இன்ஜினின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. கீழ் கியரில்தான் இறங்க வேண்டும்.

● பெட்டியை இறக்கியே ஆக வேண்டுமென்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்ஜினின் பின் ஆயில் சீல் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு ஒன்றுக்காக மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு. வெறும் ஜாக்கை நம்பி யாரையும் வண்டிக்கு அடியில் போக விடாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

● வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள். அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் மறக்காமல் கேளுங்கள்: “அண்ணே, கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ரெண்டு ஆயிலையும் பாத்தீங்களா?”