ஆங்கிலத்தில் ‘கட்டு’: ஒரு சொற்பகுப்பு நோக்கு

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரக் கடற்கரையில் வழங்கும் ‘கட்டுமரம்’, மென்மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையைக் குறிக்கும் வினைத்தொகையாகும். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூல், சோழமண்டலக் கரையின் இக்கலத்தைக் ‘கேட்டமரான்’ எனச் சுட்டுகிறது. பின்னர் அச்சொல் இரண்டு அடிக்கூடுகளை இணைத்த கலத்திற்குப் பெயராகி, ‘கேட்’ எனவும் குறுகியது. ‘கீழ்’ எனப் பொருள்படும் கிரேக்க முன்னொட்டான ‘கேட்டா’வுடன் இதற்குள்ள உறவு ஒலியளவினதே.

20ஆம் நூற்றாண்டில் மூன்று அடிக்கூடுகளையுடைய கலத்திற்கு ‘டிரைமரான்’ என்னும் சொல் ஆக்கப்பட்டது. ‘மூன்று’ எனப் பொருள்படும் ‘டிரை’, ‘கேட்ட’ நின்ற இடத்தைப் பெற்றது. சொல் பிரிந்த இடம் தமிழ்ப் பகுப்பின் எல்லையே, பொருளோ பிறழ்ந்தது. பிணைத்தலை உணர்த்திய வினையடி எண்ணைக் குறிக்கும் முன்னொட்டுப் போலவும், ‘மரம்’ அடிக்கூடாகவும் கொள்ளப்பட்டன. ஆகவே கடன்சொல் ஆய்வு ஒலியொப்புமையோடு நில்லாமல், பெற்ற மொழி சொல்லைப் பகுத்த முறையையும் ஆராய்தல் வேண்டும்.