குளம்புக்கு மேலே ஒரு கட்டு

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்துகளில் மேயப் போகும் மாடு எதை மிதிக்கிறது என்று பாருங்கள். உடைந்த கான்கிரீட், கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி, சாக்கடைச் சேறு. குளம்பிடுக்கில் ஏறிய ஆணியோடு கிருமியும் உள்ளே போய் மூட்டையும் விரல் எலும்பையும் எட்டிவிட்டால், கழுத்தில் போடும் ஆன்டிபயாடிக் ஊசி பல நேரம் பலிப்பதில்லை.

மருந்து ரத்தத்தில்தான் பயணம் போகிறது. எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்குள் ரத்தம் நுழைய, 1691இல் க்ளாப்டன் ஹாவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த நுண்குழாய்கள் உண்டு. உள்ளே சீழ் கட்டி அழுத்தம் ஏறினால் அவற்றில் ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்கிவிடும். ரத்தம் நின்ற எலும்பு செத்துப்போகும். கிருமிகள் அதன்மேல் படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். ஊசியின் அளவைக் கூட்டலாமே என்றால், அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அதனால் மருந்தைக் காலுக்குள்ளேயே சிறைவைக்கிறார்கள். வழிகாட்டியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். 1908இல் அவர் கையை இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே சிரையில் மரப்பு மருந்து செலுத்தினார். கால்நடை மருத்துவர்கள் அதே முறையில் ஆன்டிபயாடிக்கைச் செலுத்துகிறார்கள். குதிரைகளில் இது மிகவும் புழக்கம்; மாடுகளுக்கும் செய்கிறார்கள்.

விலங்குக்கு மயக்கம் கொடுத்து, புண்ணுக்கு மேலே அகலமான ரப்பர் பட்டையை இறுக்குவார்கள். மெல்லிய ஊசியால் கீழே உள்ள சிரையில் மருந்துக் கரைசலை மெதுவாக ஏற்றுவார்கள். திரும்பிப் போக வழியில்லாததால் சிரைகள் புடைக்கும், அழுத்தம் ஏறும், திரவம் ரத்த நுண்குழாய்ச் சுவர்களின் இடுக்கு வழியே திசுக்களில் கசியும். பிறகு செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு மருந்து தானாகவே பரவி, மூட்டு நீரையும் எலும்பையும் அடையும். 20 முதல் 30 நிமிடம் கழித்துக் கட்டை அவிழ்ப்பார்கள். கட்டு தளர்ந்தாலோ விலங்கு காலை அசைத்தாலோ மருந்து மேலே நழுவிவிடும். மயக்கம் கொடுப்பது அதற்காகவும்தான்.

அரை மணி நேரம் போதுமா? அமிகாசினுக்குப் போதும். செறிவு எவ்வளவு உயரம் தொடுகிறதோ அவ்வளவுக்கு அது கிருமியைக் கொல்லும். பெனிசிலின் அப்படியில்லை, அது நெடுநேரம் கூடவே இருந்தாக வேண்டும். முறைக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது என்பேன். சிரை கிடைக்காதபோது எலும்பில் சிறு துளையிட்டு மஜ்ஜைக்குள்ளேயே செலுத்துவதும் உண்டு.

எந்த வழியில் போனாலும் செத்த எலும்புத் துண்டுக்குள் மருந்து சரியாக ஏறாது. அதை முதலில் வெட்டி எடுக்க வேண்டும். ஆகவே மாடு நொண்டத் தொடங்கியதுமே, மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தடவி நாள் கடத்தாமல், ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

கறவை மாடு என்றால் இன்னொன்றும் உண்டு. கட்டை அவிழ்த்ததும் மிச்ச மருந்து உடலெங்கும் போகும், பாலிலும் சேரலாம். டாக்டர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை வாடிக்கை வீடுகளுக்கு ஊற்றக் கூடாது.